ஓடிக்கொண்டிருக்கும் உப்புநீர்த் தொட்டியில் ஆழ்மணல் படுகை: டர்பனில் பட்டுத் தெரிந்துகொண்டது

நான் செய்த முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த தொட்டி அது. மீன் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட் மட்டும் 40 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 40 பங்குக்குக் கீழே இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஆழமாக மணல் போட்டால் இறங்கும் என்று படித்தேன். ஒரு சனிக்கிழமை மாலை நான்கு பை மணலை, அடியில் கிடந்த பழைய பவளச் சல்லியின் மேலேயே கொட்டிவிட்டேன். தண்ணீர் பாலாக மாறியது. காலையில் தெளிந்துவிடும் என்று படுத்தேன். காலையில் அம்மோனியா 1 பிபிஎம். செவ்வாய்க்கிழமைக்குள் பவுடர் புளூ டேங் மீன் ஒன்றும் கிளீனர் இறால் இரண்டும் போய்விட்டன.

சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் ஓர் அங்கிள் வெகுகாலமாகப் பவளத் தொட்டி வைத்திருப்பவர். வந்து பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: “தம்பி, குப்பையைக் கூட்டாமலா மேலே கோலம் போட்டே?” மணலை எல்லாம் எடுத்துவிட்டு, அவர் சொன்னபடி மறுபடி முதலிலிருந்து செய்தேன். மூன்று மாதம் ஆயிற்று. அதைத்தான் கீழே எழுதுகிறேன்.

1. உங்களுக்கு இது வேண்டுமா?

மணலின் மேல் ஓரிரண்டு சென்டிமீட்டரில் ஆக்சிஜன் இருக்கும். அங்குள்ள பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். அதற்கும் கீழே ஆக்சிஜன் எட்டாது. அங்கே வாழ்பவை நைட்ரேட்டில் இருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு நைட்ரஜன் வாயுவை வெளியே விடும். கண்ணாடி ஓரம் மணலுக்குள் சின்னச் சின்னக் குமிழிகள் தெரிந்தால் அது பெரும்பாலும் இந்த வாயுதான். இந்த வேலை நடக்க மணல் பொடியாகவும், ஆழம் 10 முதல் 15 செ.மீ. வரையும் இருக்க வேண்டும். 3 செ.மீ.க்குக் குறைவாக வைத்துச் சுத்தம் செய்துகொண்டே இருக்கலாம், அதுவும் ஒரு வழி. 6, 7 செ.மீ. என்று நடுவில் நிறுத்துவதுதான் மோசம். அழுக்கு சேரும், நைட்ரேட்டும் குறையாது.

நைட்ரேட் 10க்குள் இருந்தால் விட்டுவிடுங்கள். பாஸ்பேட்தான் பிரச்சினை என்றாலும் இது மருந்து அல்ல. மணல் பாஸ்பேட்டைப் போக்காது, பிடித்து வைத்துக்கொள்ளும். தொட்டியின் உயரம் 45 செ.மீ.க்குள் என்றால் மீன் நீந்த இடமிருக்காது. வாடகை வீட்டில் அடிக்கடி இடம் மாறுகிறவர் என்றால், சம்ப்போடு (தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டி) இணைத்த 20 லிட்டர் மூடி போட்ட வாளியில் மணலை நிரப்பி, மேலே மட்டும் தண்ணீர் ஓடவிடுங்கள். வெளிச்சம் வேண்டாம், அலங்காரம் வேண்டாம், கெட்டுப்போனால் வாளியைக் கழற்றி வைத்துவிடலாம். முதலிலேயே தெரிந்திருந்தால் நான் அதைத்தான் செய்திருப்பேன்.

2. காகித வேலை

மீன்தொட்டிக்கு என்ன காகிதம் என்று சிரிக்காதீர்கள்.

மாடிக் குடியிருப்பு என்றால் வாடகை ஒப்பந்தத்தை எடுத்து வாசியுங்கள். தண்ணீர்ச் சேதம், கனமான பொருட்கள் பற்றி ஒரு வரி இருக்கலாம். பாடி கார்ப்பரேட் (குடியிருப்பு உரிமையாளர் சங்கம்) இருக்கும் கட்டடம் என்றால் அவர்களுடைய விதிகளையும் பாருங்கள். நான் வீட்டுக்காரருக்குத் தொட்டியின் அளவு, நிரம்பிய எடை, எந்தச் சுவர் ஓரம் வைத்திருக்கிறேன் என்று மூன்று வரி மின்னஞ்சல் அனுப்பி, சரி என்ற பதிலை வாங்கி வைத்துக்கொண்டேன். பதில் வர ஒன்பது நாள் ஆனது. வாய்வார்த்தை போதாது. வீட்டுப் பொருட்களுக்குக் காப்பீடு வைத்திருந்தால் தொட்டி உடைந்து வரும் சேதம் அதில் சேருமா என்றும் எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது கடற்கரை மணல். வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் கடல், மணலுக்கு எதற்குக் காசு என்று எல்லோருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கடலோர மேலாண்மைச் சட்டப்படி கடற்கரை பொதுச்சொத்து. தபால் நிலையத்தில் வாங்கும் பொழுதுபோக்கு மீன்பிடி அனுமதிச் சீட்டைக் காட்டி மணல் அள்ள முடியாது. அலிவால் ஷோல், இசிமங்கலிசோ போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் கல், சிப்பி, நத்தை எதிலும் கை வைக்காதீர்கள்.

சட்டத்தை விடுங்கள், அந்த மணலே நமக்கு உதவாது. டர்பன் கடற்கரையில் பெரும்பாலும் குவார்ட்ஸ் (சிலிக்கா) மணல். ஈரமணலில் கறுப்புக் கோடு கோடாகத் தெரிகிறதே, அது இல்மனைட் போன்ற கனிமங்கள். ரிச்சர்ட்ஸ் பே பக்கம் அதற்காகத்தான் மணலைத் தோண்டுகிறார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்கள் சேதமாகிக் கடற்கரைகளை மூடி வைத்திருந்ததும் நினைவிருக்கட்டும். கடல்நீரையே தொட்டிக்குக் கொண்டுவந்துகொண்டிருந்த என் நண்பர்கள் சிலர் அதோடு கடையில் வாளியாக விற்கும் கடலுப்பைக் கரைத்து ஊற்றத் தொடங்கிவிட்டார்கள்.

வாங்கும் உயிர்ப்பாறை (பாக்டீரியா குடியிருக்கும் பாறை), பவளம் எல்லாவற்றுக்கும் ரசீது வாங்கிக் கோப்பில் போடுங்கள். கல் பவளங்கள், அழியும் ஆபத்தில் உள்ள உயிர்களின் பன்னாட்டு வணிகத்துக்கான சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை. நாடு விட்டு நாடு கொண்டுபோக அனுமதி வேண்டும்.

3. மணல் கணக்கு

நீளம், அகலம், ஆழம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 1000ஆல் வகுத்தால் லிட்டர். என் தொட்டி 120 × 50, ஆழம் 10. அப்படியானால் 60 லிட்டர் மணல். உலர்ந்த அரகொனைட் மணல் (பவளம், சிப்பியில் இருக்கும் சுண்ணாம்புக் கனிமம்) லிட்டருக்கு ஏறக்குறைய 1.6 கிலோ. மொத்தம் 96 கிலோ.

96 கிலோவும் தரைக்குக் கூடுதல் சுமை என்று பயப்பட வேண்டாம். மணல் இறங்கும்போது 33 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் வெளியேறும். எனவே நிகரமாகக் கூடுவது 60 கிலோ சொச்சம், ஓர் ஆள் எடை. அந்த ஆள் இரவும் பகலும் ஒரே இடத்தில் நிற்பார், அவ்வளவுதான். ஸ்டாண்ட் மரமா இரும்பா, மட்டம் சரியாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்துவிடுங்கள். தண்ணீர் 33 லிட்டர் குறைவதால் மருந்து, கால்சியம் போன்றவற்றின் அளவையும் குறைக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எனக்கு ஆன செலவு இது. மணல் 9 கிலோ பை பதினொன்று, பை 500 ராண்ட் வீதம் 5500. உப்பு ஒரு வாளி 1500. அம்மோனியா, நைட்ரேட், கார்பனேட் காரத்தன்மை ஆகிய மூன்றுக்கும் டெஸ்ட் கிட் 1200. குழாய், புனல், பேட்டரி ஏர் பம்ப் எல்லாம் சேர்த்து 600. மொத்தம் 8800 ராண்ட். கடைக்குக் கடை விலை மாறும். செத்துப்போன டேங் மீனின் விலையை இதில் சேர்க்கவில்லை, வீட்டில் இன்னும் முழுத்தொகை சொல்லவில்லை.

4. எந்த மணல்?

பொடி அரகொனைட். சர்க்கரை போல இருக்க வேண்டும், ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். பெரிய சல்லியில் அழுக்கு உள்ளே விழுந்து மாட்டிக்கொள்ளும்.

இங்கே பல வீடுகளில் நீச்சல்குளம் இருப்பதால் பூல் ஃபில்ட்டர் மணல் எல்லா ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கிறது. 40 கிலோ பையின் விலை அரகொனைட்டின் பக்கத்தில்கூட வராது. பாக்டீரியாவுக்கு இரண்டும் ஒன்றுதான், நைட்ரேட் குறையும். ஆனால் அது சிலிக்கா, கூர்மையானது, தண்ணீரின் காரத்தன்மைக்கு எதுவும் தராது. மறைவான வாளியில் போடலாம். பார்வைத் தொட்டியில் நான் போட மாட்டேன்.

ஒட்டுச்சீட்டு இல்லாத பையை நம்பாதீர்கள். ‘கோரல் சாண்ட்’ என்று ஒரு கடையில் தந்த பையிலிருந்து ஒரு கரண்டி எடுத்துக் கண்ணாடி டம்ளரில் போட்டு வெள்ளை வினிகரை ஊற்றினேன். அரகொனைட் என்றால் சோடா போலப் பொங்கி நுரைக்கும், டம்ளர் விளிம்பில் காதை வைத்தால் சுர்ரென்று கேட்கும். இதில் இரண்டு சிப்பித் துண்டுகள் மட்டும் நுரைத்தன, மீதி தேமே என்று கிடந்தது. அப்புறம் ஒரு காந்தத்தைப் பாலித்தீன் பையில் சுற்றி மணலுக்குள் ஓட்டுங்கள். கறுப்புத் துகள் ஒட்டிக்கொண்டு வந்தால் அந்தப் பையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்தச் சொன்னது இதற்கும்தான்.

5. எந்த மாதம்?

இங்கே தைப்பூசக் காவடி எடுக்கும்போது தார்ச்சாலையில் கால் வைக்க முடியாது, நடுக்கோடை. அந்த வெப்பத்தில் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு. மணலைக் கிளறினால் இருக்கிற ஆக்சிஜனும் போகும். மே முதல் ஆகஸ்ட் வரை நல்ல காலம். மூன்று மாதத்துக்குள் ஊருக்குப் போகும் திட்டம் இருந்தால் திரும்பி வந்தபின் தொடங்குங்கள்.

6. பழைய சல்லியை எடுப்பது

இதுதான் உயிர்நாடி. அவசரப்படுகிறவர்கள் எல்லோரும் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

வருடக்கணக்கில் கிடந்த சல்லிக்குள் மீன் கழிவும் மிச்ச உணவும் மக்கிக் கிடக்கும். அதன் மேல் மணலைப் போட்டு மூடினால் அந்தச் சரக்கெல்லாம் ஆக்சிஜன் இல்லாமல் அழுகும். அழுகிய முட்டை நாற்றம் வருகிறதே, அதுதான் ஹைட்ரஜன் சல்பைடு. மீனுக்கு நஞ்சு. எனவே சல்லி முழுவதும் வெளியே போக வேண்டும், ஆனால் ஒரே நாளில் அல்ல. நைட்ரேட்டாக மாற்றும் நல்ல பாக்டீரியாவில் ஒரு பங்கு அதில்தான் குடியிருக்கிறது.

தொட்டியை மனதுக்குள் மூன்று பாத்திகளாகப் பிரியுங்கள். வாரத்துக்கு ஒரு பாத்தி. முதல் நாளே 50 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் உப்பைக் கரைத்து, உப்பளவு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), வெப்பம் 25 டிகிரி என்று தொட்டியோடு ஒத்துப்போகும்படி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாத்தியில் இருக்கும் பாறைகளை, தொட்டித் தண்ணீர் நிரப்பிய வாளிக்கு மாற்றுங்கள். பிறகு 25 மி.மீ. தடிமனான குழாயால் சைஃபன். குழாய் வாயைச் சல்லிக்குள் முழுதாகப் புதைத்தபின் உறியவிடுங்கள், மேலே தூக்கிக்கொண்டு கிளறாதீர்கள். சல்லியும் அழுக்கும் தண்ணீரோடு சேர்ந்து குழாய்க்குள் ஏறும். கண்ணாடிக் குழாய் என்றால் நீங்களே பார்க்கலாம், முதலில் பழுப்பு, கொஞ்சம் ஆழம் போனால் கரி போன்ற கறுப்பு. என் வாளியில் வந்து விழுந்தது மழைக்கால சாக்கடைத் தண்ணீர் போல இருந்தது. ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

50 லிட்டர் வெளியேறியதும் கையை எடுத்துவிடுங்கள், பாத்தி முடியாவிட்டாலும். புது உப்புநீரை ஊற்றுங்கள். மீதி அடுத்த வாரம்.

அன்றிரவும் அடுத்த மூன்று நாளும் அம்மோனியா பாருங்கள். பூஜ்யம் என்றால் சரி. 0.25 தெரிந்தாலே உணவைப் பாதியாக்கி, இன்னொரு முறை தண்ணீர் மாற்றி, அடுத்த பாத்தியை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். இரண்டாம் பாத்திக்குப் பிறகு எனக்கு 0.25 வந்தது, பத்து நாள் சும்மா இருந்தேன்.

7. பாறைக்குக் கால்

சல்லி போன இடத்தில் பாறையை வெறும் கண்ணாடி மேல் வைக்கலாம். மணல் மேல் வைக்கவே வைக்காதீர்கள், ஏதாவது இறாலோ மீனோ அடியில் குழி பறித்தால் பாறை சாய்ந்து கண்ணாடி உடையும். நான் 32 மி.மீ. பிவிசி குழாயை 10 செ.மீ. துண்டுகளாக வெட்டி, பக்கவாட்டில் ஓட்டைகள் போட்டு, பாறைக்கு மூன்று கால் வீதம் நிறுத்தினேன். ஓட்டை இல்லாவிட்டால் குழாய்க்குள் தண்ணீர் தேங்கிக் கெடும். பாறையும் மணலுக்குள் புதையாமல் மேலே நிற்கும்.

8. கழுவுவது

அரிசி களைகிற மாதிரிதான். வாளியில் பாதி மணல், மேலே குழாய்த் தண்ணீர், கையால் கலக்கி, வெள்ளைத் தண்ணீரைச் சாய்த்து ஊற்றுங்கள். நான்கைந்து முறை போதும். பளிங்கு போலத் தெளிய வேண்டும் என்று நின்றால் பொடியெல்லாம் போய்விடும், அந்தப் பொடியும் படுகைக்கு வேண்டியதே. கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணீர். பிறகு ஓர் இரவு உப்புநீரில் ஊறட்டும். உலர்ந்த மணலில் காற்று ஒட்டிக்கொண்டிருக்கும், நேராகப் போட்டால் மிதந்து தண்ணீரைக் கலக்கும்.

உயிர்மணல் என்று ஈரமாக விற்கும் பையைக் கழுவக் கூடாது.

9. வாரம் இரண்டு பை

கடைசிப் பாத்தி முடிந்து இரண்டு வாரம் கழித்துத் தொடங்குங்கள். ஒரு தடவைக்கு 2 செ.மீ. என் தொட்டிக்கு அது 12 லிட்டர், இரண்டு பை. ஐந்து வாரத்தில் 10 செ.மீ. பதினோராவது பை, படுகை அமுங்கியபின் பள்ளம் நிரப்ப.

ரிட்டர்ன் பம்ப் (சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுவது), பவர்ஹெட் (தொட்டிக்குள் நீரோட்டம் தருவது), ஸ்கிம்மர் (நுரையாக அழுக்கை எடுப்பது) எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ஏர் ஸ்டோன் மட்டும் ஓடட்டும். மணல் கொள்ளும் அளவுக்குத் தண்ணீரை முன்பே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தரை நனையும். 50 மி.மீ. குழாயின் ஒரு முனை தொட்டியின் அடியில், மறுமுனையில் பாதியாக வெட்டிய இரண்டு லிட்டர் கோக் பாட்டில் புனலாக. ஈர மணலை ஒரு டம்ளர், ஒரு டம்ளராக விடுங்கள். ஒருவர் குழாயை மெல்ல நகர்த்த, இன்னொருவர் ஊற்றினால் எளிது. என் மனைவி குழாயைப் பிடித்தாள். முதல் வாரம், “என்னங்க, சிமென்ட் வேலையா இது?” என்றவள், மூன்றாம் வாரம் என்னைவிட மட்டமாகப் பரப்பினாள்.

பவளத்தின் மேல் மணல் விழுந்தால் உடனே டர்க்கி பேஸ்டரால் (ரப்பர் குமிழ் வைத்த சமையல் குழல்) ஊதிவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து ரிட்டர்ன் பம்ப்பைப் போட்டு, சம்ப்பில் புதுப் பஞ்சு வையுங்கள், இரவே அது அடைத்துக்கொள்ளும். பவர்ஹெட்டை மேல்நோக்கித் திருப்புங்கள், இல்லாவிட்டால் காலையில் ஒரு மூலையில் மணல்மேடு, இன்னொரு மூலையில் கண்ணாடி.

ஏன் ஐந்து வாரம் என்று கேட்கலாம். கீழ் அடுக்கில் குடியேறிய புழு, பூச்சிகள் மேலே ஏறிவர அவகாசம் வேண்டும். ஒரேயடியாகப் புதைத்தால் அவை செத்து, அதுவே அம்மோனியா ஆகும்.

10. உறை ஊற்றுவது

கடையில் வாங்கிய உலர் மணல் செத்த மணல். நோய் இல்லாத, நல்லபடி ஓடும் நண்பரின் தொட்டியிலிருந்து மேல்மணலில் ஒரு சொம்பு கேட்டு வாங்குங்கள். பாலுக்கு உறைமோர் போல அது போதும். அங்கிள் கொடுத்த மணலை டார்ச் அடித்துப் பார்த்தேன். நூல் போன்ற முள்புழுக்கள், சோற்றுப் பருக்கை அளவில் ஆம்ஃபிபாடுகள் (இறால் போன்ற சின்ன உயிர்கள்), நகக்கண் அளவில் குட்டி உடுமீன்கள் (நட்சத்திர மீன் போன்றவை) என்று ஒரு ஊரே இருந்தது. இவைதான் மணலைத் தளர்த்திக்கொண்டே இருக்கும் வேலைக்காரர்கள். பத்துப் பன்னிரண்டு நசாரியஸ் நத்தையும் விடலாம்.

மணலைச் சலிக்கும் நட்சத்திர மீனையும் மணல் மெல்லும் கோபி மீனையும் ‘மணலைச் சுத்தம் செய்யும்’ என்று விற்பார்கள். வாங்காதீர்கள். அவை தின்று தீர்ப்பது இந்த வேலைக்காரர்களைத்தான். தின்று முடிந்ததும் தாமும் பட்டினியில் சாகும்.

11. அப்புறம் கை வைக்காமல் இருப்பது

முதல் இரண்டு மூன்று வாரம் மணல் மேல் பழுப்புப் பாசி படரும். டயாட்டம், தானே போகும். தொடாதீர்கள். சைஃபன் குழாயை இனி மணலுக்குள் விடவே கூடாது, மேலே கிடக்கும் அழுக்கை மட்டும் உறிஞ்சுங்கள்.

நைட்ரேட்டை வாரம் ஒருமுறை எழுதி வையுங்கள். எனக்கு முதல் ஆறு வாரம் அசையவே இல்லை. பத்தாம் வாரம் 25. நான்காம் மாத முடிவில் 8. இதற்கிடையில் தண்ணீர் மாற்றுவதை நிறுத்தவில்லை.

கண்ணாடி ஓரம் கீழே சாம்பல் நிறத் திட்டுகள் தெரிந்தால் பதற வேண்டாம். கறுப்பு மேலே ஏறிக்கொண்டே வந்தாலோ, மணல் சிமென்ட் போல இறுகினாலோ கவனியுங்கள். கார்பனேட் காரத்தன்மையை 9 டிகேஎச்சுக்கு (அதை அளக்கும் அலகு) மேல் ஏற்றாமல் வைத்திருந்தால் இறுகுவது குறையும்.

12. மின்சாரம் போனால்

2024 மார்ச் கடைசியில் நின்ற லோட் ஷெடிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது), 2025 ஜனவரி 31 அன்று மறுபடி தலைகாட்டியது. அது இல்லாவிட்டாலும் டிரான்ஸ்பார்மர் வெடிப்பதும் கேபிள் திருட்டும் இருக்கவே இருக்கிறது. மணலின் மேல் அடுக்கில் வாழும் அத்தனையும் மூச்சு விடுகின்றன, எனவே பம்ப் நின்றால் ஆக்சிஜன் முன்பைவிட வேகமாகத் தீரும். மின்சாரம் போனதும் தானாக ஓடத் தொடங்கும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை மணல் வாங்கும் அன்றே வாங்கிவிடுங்கள். சின்ன இன்வெர்ட்டர் இருந்தால் ஸ்கிம்மருக்குக் கொடுக்காமல் பவர்ஹெட்டுக்குக் கொடுங்கள்.

13. வீடு காலி செய்யும் நாள்

படுகையை அப்படியே இடம் மாற்ற முடியாது. கீழ் அடுக்கு கலங்கினால் என்ன ஆகும் என்று மேலே எழுதிவிட்டேன். முதலில் மீனையும் பாறையையும் தெளிந்த தண்ணீரோடு தனி வாளிகளுக்கு மாற்றுங்கள். மேல் 2 செ.மீ. மணலை மட்டும் கரண்டியால் வழித்து எடுத்துப் புது வீட்டுக்கு உறையாக வைத்துக்கொள்ளுங்கள். மீதியைக் குப்பைக்கு அனுப்புங்கள், அல்லது பல முறை கழுவி வெயிலில் காயவைத்து மறுபடி பயன்படுத்துங்கள். தோட்டத்தில் கொட்டாதீர்கள், உப்பில் செடி கருகும். நான் ஒரு வாளி கொட்டிய இடத்தில் வீட்டுக்காரரின் கறிவேப்பிலைக் கன்று பட்டுப்போய், புதிது வாங்கி வைத்துக் கொடுத்தேன்.